பன்னிரண்டு அடிக் கம்பி

உலகத்தில் தானம் செய்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் தானம் செய்தவர் பெயரை, கண்ணாடி போடாத கண்ணும் இருபது அடி தூரத்திலிருந்து படிக்கும்படி செய்தவர்கள் எங்கள் முதலாளி குடும்பத்தார் மட்டுமே. இதை நான் சம்பளத்துக்காகச் சொல்லவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டே சொல்கிறேன், அவ்வளவுதான்.

எங்களுடையது கட்டடக் கம்பி செய்யும் ஆலை. குடும்பத் தொழில். ஆரம்பித்தவர் இப்போது ஆபீஸ் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறார். அவருடைய மூத்த மகன் பெரியவர், இளைய மகன் சின்னவர். பெரியவரின் மகளைக் கட்டியவர் மாப்பிள்ளை. நான் இருபத்தாறு வருஷம் வாசல் கேட்டில் உட்கார்ந்து போகிற வருகிற லாரிகளின் நம்பரைக் குறித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை எங்கேயோ மூன்று நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்தார். வந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "இனிமே நீங்கதான் சமூக உறவு அதிகாரி" என்றார்.

"என்ன வேலைங்க அது?"

"ஊரை நேசிக்கணும்."

"எத்தனை மணியிலேர்ந்து?"

"ஒன்பதரைலேர்ந்து ஆறு வரைக்கும். நடுவுல ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு."

அன்றிலிருந்து நான் ஊரை நேசித்து வருகிறேன். அதற்கான கருவியாக எனக்கு ஓர் அடி நீளமுள்ள எஃகு ஸ்கேல் கொடுத்தார்கள். பெயர்ப் பலகைகளில் பெரியவர் பெயரும் சின்னவர் பெயரும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று அளப்பதுதான் என் முதல் கடமை. ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த தண்ணீர்த் தொட்டியில் சின்னவர் பெயர் ஒரு நூல், அதாவது ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, சிறுத்துப்போயிற்று. பலகை திருத்தி வரும்வரை பதினேழு நாள் அந்தத் தொட்டியில் தண்ணீர் விடவில்லை.

எங்கள் சேவைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். பஸ் நிறுத்தத்தில் நாங்கள் போட்ட எஃகு பெஞ்சில், சாய்கிற இடத்தில் பெயர்களைப் புடைப்பெழுத்தில் வார்த்திருக்கிறோம். கால் மணி நேரம் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்து போனால் அவர் முதுகுச் சட்டையில் பெரியவரின் பெயர் இடவலம் மாறிப் பதிந்திருக்கும். பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த கடிகாரத்தில், பெயர்கள் போக மீதியிருந்த இடத்தில் பன்னிரண்டு, மூன்று, ஆறு ஆகிய எண்களைப் போட முடிந்தது. ஒன்பதின் இடத்தில் மாப்பிள்ளையின் பட்டம் இருக்கிறது. பள்ளிக்கூடம் ஒன்பது மணிக்குத்தான் தொடங்குகிறது என்றாலும் ஆசிரியர்கள் பெருந்தன்மையானவர்கள்.

இப்படி நாங்கள் ஊரை நேசித்துக்கொண்டிருந்தபோதுதான் தையல்காரம்மா வந்தாள்.

ஆலைக்கு எதிர்ச்சாரியில் ஒற்றை மிஷினை வைத்துத் தைக்கிறவள். கழுத்தில் எப்போதும் இஞ்ச் டேப் தொங்கும். அவளுக்கு எட்டு வயதில் ஒரு பெண். அந்தப் பெண் பள்ளிக்குப் போகிற வழியில் தெரு வளைகிறது. வளைவை ஒட்டி ஆள் ஆழத்துக்கு வடிகால். அதன் ஓரத்தில் ஒரு கட்டைச் சுவர் இருந்தது. போன வருஷம் எங்கள் லாரி திரும்பும்போது அதை இடித்துத் தள்ளிவிட்டது. ஆலையின் ஆண்டறிக்கையில் அதை 'சாலை விரிவாக்கம்' என்று எழுதியிருந்தேன்.

"சார், பன்னெண்டு அடி தடுப்பு போட்டுக் குடுத்தீங்கன்னா போதும்" என்றாள். "நானே அளந்துட்டேன். லாரி வந்தா பிள்ளைங்க ஒதுங்கி நிக்கிறதுக்கு இடமில்ல. பின்னால ஒரு அடி வெச்சா உள்ளதான் விழணும்."

"எழுத்து மூலமா குடுங்கம்மா."

"உங்க ஆலை கம்பி செய்ற ஆலைதானே சார்?"

"அதனாலதாம்மா. கம்பி விஷயம்னா நாங்க ரொம்பக் கவனமா இருப்போம்."

அவள் எழுதிக் கொடுத்தாள். துணியில் வெட்டுக்கோடு போடும் சுண்ணக்கட்டியால் படமும் போட்டுக் காட்டியிருந்தாள். சமூகப் பங்களிப்புக் குழு உடனே கூடியது. உடனே என்றால் ஐந்து வாரத்தில்.

சின்னவர்தான் ஆரம்பித்தார். "பன்னெண்டு அடியா? நம்ம வாசல்ல லோடு ஏத்தும்போது கீழ சிந்துறதே அதைவிட ஜாஸ்தியா இருக்குமே. குடுத்துடலாம்."

"குடுக்கலாம்" என்றார் பெரியவர். "பேர் எங்க போடறது?"

எல்லோரும் மேஜைமேல் இருந்த மாதிரிக் கம்பியைப் பார்த்தோம். சுவரில் இருந்தவர்கூட யோசிப்பது போலத் தெரிந்தது.

கம்பி உருண்டையானது. மெல்லியது. அதன்மேல் இரண்டு முதலாளிகள், ஒரு மாப்பிள்ளை, மறைந்த தந்தையார் ஆகிய நால்வரின் பெயரும் பட்டங்களும் எப்படிக் கொள்ளும்? நாற்பது வருஷமாகக் கம்பி செய்து விற்கும் குடும்பம், தங்கள் சரக்கில் இருக்கும் இந்தப் பெரிய குறையை அன்றுதான் முதல்முறையாகக் கண்டுபிடித்தது. நான் ஸ்கேலை வைத்து அளந்து பார்த்து, கம்பியின் மேல் அதிகபட்சம் இரண்டு நூல் உயரத்துக்குத்தான் எழுத்து வரும் என்று அறிவித்தேன்.

"ரெண்டு நூலா!" பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "எறும்பு வந்து படிக்கட்டும்னா?"

"கம்பி மேல ஒரு போர்டு மாட்டிடலாமே அண்ணே."

"மாட்டலாம். தடுப்பு தெருவைப் பாத்து இருக்கா, வடிகாலைப் பாத்து இருக்கா?"

"தெருவைப் பாத்துதான்."

"தெருவிலேர்ந்து வளைஞ்சு வர்றவனுக்கு போர்டோட ஓரம்தான் தெரியும். நேரா நின்னு படிக்கணும்னா நடுத்தெருவுல லாரிக்கு முன்னால நிக்கணும்."

மாப்பிள்ளை கையைத் தூக்கினார். பயிற்சியில் கையைத் தூக்கிவிட்டுப் பேசச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். "மாமா, பிரச்சினையே வேற. தடுப்புங்கிறது ஒரு 'நெகடிவ்' விஷயம். போகாதே, விழாதேன்னு சொல்லுது. நாம ஊருக்கு 'பாசிடிவ்'வா ஒண்ணு சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"அதுக்கு ஒரு துணைக்குழு போடலாம்."

துணைக்குழு போடப்பட்டது. எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தோம்.

இந்தச் செய்தி எப்படியோ பட்டறையில் இருக்கும் வெல்டர் காதுக்குப் போய்விட்டது. முப்பது வருஷம் தீப்பொறிக்கு முன்னால் உட்கார்ந்தவர். அதிகம் பேச மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கழித்துப் போட்ட துண்டுக் கம்பிகளை எடுத்துக்கொண்டு போய், வளைவில் பன்னிரண்டு அடித் தடுப்பைப் போட்டு முடித்துவிட்டார். தையல்காரம்மாவின் மகளைக் கூப்பிட்டு, "என்ன கலர் அடிக்கட்டும் பாப்பா?" என்று கேட்டிருக்கிறார். அவள் மஞ்சள் என்றாளாம். மஞ்சள் அடித்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை அந்த மஞ்சள் தடுப்பைப் பெரியவர் காருக்குள்ளிருந்து பார்த்தார். பெயர் இல்லை. யார் கொடுத்தது என்று ஒரு எழுத்துகூட இல்லை.

"இப்படி அநாதையா ஒரு தானத்தை நடுத்தெருவில நிக்க விடலாமா?" என்று என்னிடம் கேட்டார். குரல் உண்மையாகவே தழுதழுத்தது.

மத்தியானத்துக்குள் தடுப்பு அறுத்து எடுக்கப்பட்டு ஆலைக்குள் பத்திரமாக வைக்கப்பட்டது. வெல்டருக்கு மெமோ எழுதும் பொறுப்பு எனக்கு. 'நிர்வாகத்தின் முன் அனுமதி இன்றி, விடுமுறை நாளில், சொந்த விருப்பத்தின் பேரில், ஊருக்கு நன்மை செய்தது குறித்துத் தங்கள்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது' என்று எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகத் தெளிவான வாக்கியம் அதுதான்.

வெல்டர் மெமோவை இரண்டு தடவை படித்தார். "அரை மணி நேர வேலை சார்" என்றார். "அதான் செஞ்சேன்."

"அங்கதான் தப்புப் பண்ணிட்டீங்க. அரை மணி நேரத்துல முடியறதுக்குப் பேரு சமூகப் பங்களிப்பு இல்ல."

துணைக்குழு இரண்டு மாதம் உழைத்து முடிவுக்கு வந்தது. வளைவுக்கு எதிரே, ஆலைச் சுவரோரத்தில் இருந்த காலி இடத்தில், 'பாதுகாப்பாய்ப் பள்ளி செல்லும் சிறுமி' என்ற எஃகுச் சிலை. உயரம் பதினைந்து அடி. தோளில் பை, இரண்டு ஜடை, எடுத்து வைத்த வலது கால். பீடம் நாலு பக்கமும் தட்டையாக, அகலமாக, பெயர்களுக்கென்றே பிறந்தது போல இருந்தது. ஒரு பக்கம் பெரியவருக்கு, எதிர்ப்பக்கம் சின்னவருக்கு, மூன்றாவது மறைந்தவருக்கு, நான்காவது மாப்பிள்ளைக்கு. அண்ணன் தம்பி இரண்டு பேரும் பல வருஷத்துக்குப் பிறகு கை குலுக்கிக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். சிலையைப் பற்றவைக்கும் வேலையை வெல்டருக்கே கொடுத்தோம். நாற்பது நாள் ஆயிற்று. அந்த நாற்பது நாளும் அவர் என்னோடு பேசவில்லை.

திறப்பு விழாவுக்கு ஒன்பது நாள் இருந்தபோது, தையல்காரம்மாவின் மகள் வடிகாலில் விழுந்தாள்.

லாரி எங்களுடையதுதான். ஒதுங்கியிருக்கிறாள். பின்னால் ஓர் அடி வைத்திருக்கிறாள். அம்மா சொன்னது போலவே. கேட்டில் இருந்தவர்களும் வெல்டரும் ஓடிப்போய்த் தூக்கினார்கள். வலது கை முறிந்திருந்தது. தலையில் அடிபடாமல் தப்பியது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அறிக்கையில் அதற்கென்று ஒரு தலைப்பு இல்லாததால் இங்கே சொல்கிறேன்.

மறுநாள் மாப்பிள்ளையும் நானும் பழக்கூடையோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தோளிலிருந்து விரல்வரை மாவுக்கட்டு. மாப்பிள்ளை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்குகிறாரோ என்று நினைத்தேன்.

"நல்லா வெள்ளையா, அகலமா இருக்கு" என்று என் காதில் சொன்னார். "மார்க்கர் வெச்சிருக்கீங்களா?"

அது மெதுவாகச் சொன்னதுதான். ஆனால் தையல்காரம்மாவுக்குக் காது நல்ல காது. அவள் எங்களைப் பார்த்தாள். நான் பைக்குள் விட்ட கையை வெறுங்கையாகவே வெளியே எடுத்தேன்.

விழா பிரமாதமாக நடந்தது. விழுந்த குழந்தையே வந்து கத்தரிக்கோலைத் தட்டில் வைத்து நீட்டினால் உருக்கமாக இருக்கும் என்று மாப்பிள்ளை சொன்னதால், அம்மாவையும் மகளையும் அழைத்திருந்தோம். கத்தரிக்கோலை நீட்ட ஒரு கை போதும் அல்லவா. பெரியவர் நாடாவை வெட்டினார். சின்னவர் மறுபடியும் வெட்டினார். மாப்பிள்ளை, "இந்தச் சிறுமி இனி இந்த ஊரின் ஒவ்வொரு சிறுமியும்!" என்று பேசினார். கைதட்டல்.

கூட்டம் டீக்குப் போன பிறகுதான் கவனித்தேன். தையல்காரம்மா கழுத்திலிருந்து இஞ்ச் டேப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

சிலையைச் சுற்றி ஒரு தடுப்பு வேலி போட்டிருந்தோம். வெள்ளி நிறப் பெயின்ட்.

"சார், இந்த முனையைக் கொஞ்சம் புடிங்க" என்றாள்.

பிடித்தேன். வேறு என்ன செய்வது? அவள் டேப்பை இழுத்து, விரலால் அடையாளம் வைத்து, மறுபடி இழுத்து, ஒரு பக்கம் முழுக்க அளந்தாள்.

"பன்னெண்டு அடி."

அடுத்த பக்கம் போனாள். நானும் முனையைப் பிடித்துக்கொண்டே போனேன். பன்னிரண்டு. அடுத்ததும் பன்னிரண்டு. நாலாவது பக்கம் அளப்பதற்குள் மகள் இடது கை நகத்தால் அங்கே பெயின்டைச் சுரண்டிவிட்டாள். வெள்ளிக்கு அடியில் மஞ்சள் தெரிந்தது.

"அம்மா, இது நம்ம கம்பி!"

தூரத்தில் நின்றிருந்த வெல்டர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பத்திரமாக வைத்த பொருளைப் பயன்படுத்திக்கொள்வது சிக்கனம் என்று கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான்.

"இது எதுக்கு சார் இங்க?" என்று கேட்டாள் தையல்காரம்மா.

"சிலைக்குப் பாதுகாப்பும்மா. பிள்ளைங்க ஏறி விளையாடினா பேர் மேல கீறல் விழுந்துடும்."

அவள் சிலையை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தெருவுக்கு அந்தப் பக்கம், வளைவில் திறந்து கிடந்த வடிகாலைப் பார்த்தாள்.

"அது இரும்புப் பொண்ணு சார்" என்றாள். "விழுந்தாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. எம்பொண்ணு இரும்பு இல்ல."

அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டு, மகளின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, வடிகாலின் ஓரமாகவே வீட்டுக்குப் போனாள். போவதற்கு வேறு வழி கிடையாது. அவள் இழுத்த டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த என் விரல்கள் அப்போதும் மூடியே இருந்தன.

இன்று ஆண்டறிக்கை எழுதி முடித்தேன். மாப்பிள்ளை படித்துவிட்டு, கடைசிப் பத்தியைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லிவிட்டார். பெரியவரும் சின்னவரும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இருபத்தேழு வருஷ உத்தியோகத்தில் ஒரு பொய்கூடக் கலக்காமல் நான் எழுதிய ஒரே பத்தி அது என்பதால் அப்படியே தருகிறேன்:

'நமது ஆலையின் பாதுகாப்புத் திட்டம் முழு வெற்றி அடைந்துள்ளது. நாற்பத்தெட்டு அடி வேலி அமைத்த நாளிலிருந்து இன்றுவரை, எஃகுச் சிறுமி ஒரு தடவைகூட வடிகாலில் விழவில்லை.'