மகள் ஆராய்ச்சிக்குப் போகாமல் தடுக்க உதவி கோரி

பென்னலூர் அருகில்,
23.9.1991

பாசமும் மரியாதையும் கொண்ட மச்சான் தசரதன் அவர்களுக்கு, உங்கள் தங்கை கனகத்தின் வீட்டுக்காரன் தணிகாசலம் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கு கனகமும் மாடு இரண்டும் சௌக்கியம். மகள் கலைமணி ரொம்பவே சௌக்கியம். அவளால் நான்தான் சௌக்கியமாக இல்லை. அங்கு உங்கள் நலமும், மருமகப்பிள்ளை கோபாலுக்கு மறைமலை நகரில் நைட் ஷிப்ட் மாறிவிட்டதா என்பதும் அறிய ஆவல்.

விஷயம் என்னவென்றால், இந்தக் கடிதம் கண்டவுடன் கிளம்பி வரவும். பிளஸ் ஒன் படிக்கிற உங்கள் மருமகளைக் காலாண்டு லீவில் பத்து நாள் மெட்ராஸில் ஏதோ ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டுமாம். கிராமத்துப் பள்ளிப் பெண்களுக்கென்றே நடத்துகிறார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் நான் பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அவள் திரும்பி வரும்போது ஐப்பசியில் உங்கள் கோபாலுக்கும் அவளுக்கும் பரிசம் போடுவதைப் பற்றி நாம் பேசிய பேச்சு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தாய்மாமன் சொன்னால் கேட்பாள். நான் சொன்னால் ஆதாரம் கேட்கிறாள்.

வினை என் வாயாலேயே வந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவன் என்ற முறையில் சுதந்திர தினத்தன்று, "நம் பெண் குழந்தைகள் விஞ்ஞானிகளாக வேண்டும்" என்று மைக்கில் முழங்கிவிட்டேன். நான் சொன்னது ஊரார் வீட்டுப் பெண் குழந்தைகளை. மேடையில் பேசுகிறவன் அதையெல்லாம் பிரித்தா சொல்லிக்கொண்டிருப்பான்? கைத்தட்டலைக் கேட்ட ஹெட்மாஸ்டர் 'பெண்களும் ஆராய்ச்சியும்' என்று கண்காட்சியோடு ஒரு விழாவே வைத்துவிட்டார். சிறப்பு விருந்தினர், போல்ட்டுக்கு முலாம் பூசும் எங்கள் கம்பெனியின் மேனேஜர். அழைத்தவன் நான். அங்கே நான் செக்யூரிட்டி சூப்பர்வைசர் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் தங்கை மட்டும் இன்னும் வாட்ச்மேன் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மேடையில் ஒன்பது ஆண்கள். பெண்கள் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச இத்தனை பேர் எங்கள் ஊரில் இருக்கிறார்கள் என்று எனக்கே அன்றுதான் தெரியும். கண்காட்சியை முழுக்க நடத்திய மரகதவல்லி டீச்சருக்கு நாற்காலி பற்றவில்லை. பரவாயில்லை, அவர் நின்று பழகியவர். கண்காட்சி வைத்த பெண்கள் எல்லோரையும் பன்னீர் தெளிக்கவும், தட்டு பிடிக்கவும், கேட்டில் கோலம் போடவும் அனுப்பிவிட்டோம். விழா அவர்களுக்குத்தானே!

கலைமணி என்ன வைத்திருந்தாள் தெரியுமா? ஊரிலுள்ள பத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பத்து பாட்டிலில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நீலக் காகிதத்தை முக்குகிறாள். தண்ணீரில் அமிலம் இருந்தால் காகிதம் சிவந்துவிடுமாம். ஆறு பாட்டிலில் நீலம் நீலமாகவே இருந்தது. கம்பெனிச் சுவரோரக் கிணறுகள் நான்கும் சிவப்பு! பக்கத்தில் படம் வேறு வரைந்து, கம்பெனிக்கு அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறாள். மேனேஜருக்கு நான் சால்வை போர்த்துகிறேன், என் மகள் அம்புக்குறி காட்டுகிறாள் என்றால் என் வேலை என்னத்துக்கு ஆகும்?

அவள் கோலம் போடப் போன சமயம் பார்த்து அந்தப் படத்தைச் சுருட்டி வைத்தேன். பத்து பாட்டிலையும் வேப்பமரத்தடியில் கொட்டிவிட்டு, சைக்கிளில் போய் நம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பினேன். நம் கிணறு கம்பெனிக்கு மூன்று கொல்லை தள்ளி இருக்கிறது. அந்த இனிப்புத் தண்ணீர் வேறு எங்கே உண்டு? அதையும் சோதிக்கிறேன் என்று அவள் கேட்டபோது, "எங்கிணத்தயே சந்தேகப்படறியா?" என்று அதட்டி அனுப்பியவன் நான். இனி பத்தும் நீலமாக நிற்கும், கம்பெனி மானமும் பிழைக்கும் என்று சால்வையோடு நிம்மதியாக நின்றேன்.

மேனேஜர் வந்தார். கலைமணி முதல் காகிதத்தை முக்கினாள். சிவப்பு. இரண்டாவது, சிவப்பு. பத்தும் சிவப்பு, மச்சான்! மேனேஜர், "பேஷ், கலர் ரொம்ப நல்லா வந்திருக்கு" என்று கைதட்டினார். மேடையிலிருந்த ஒன்பது பேரும் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அவள் மட்டும் முகம் வெளுத்து நின்றாள். "டீச்சர், காலைல ஆறு பாட்டில் நல்லா இருந்திச்சி. யாரோ தண்ணிய மாத்திகிறாங்க. இது அந்த நாலு கிணத்தவிட சீக்கிரமா செவக்குது, மோசமா கீது. யாரு வூட்டுத் தண்ணின்னு தெரிஞ்சே ஆவணும். அவங்க குடிச்சிகினு இருப்பாங்களே!" என்றாள். கண்காட்சிப் பரிசு போனதே என்று அவள் அழவில்லை. நான் மேனேஜருக்குச் சால்வை போர்த்தப் போய்விட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்டதற்காகத்தான் மரகதவல்லி டீச்சர் மெட்ராஸுக்கு அவள் பெயரை எழுதினாராம்.

வீட்டுக்கு வந்ததும் ஒப்புக்கொண்டேன். "அடப்பாவி மனுசா! புளி போடாமயே பித்தளக் குடம் பளபளன்னு கீதுன்னு நான் ஊரெல்லாம் பெருமையடிச்சனே!" என்று கனகம் தலையில் அடித்துக்கொண்டாள். கலைமணி என்னைத் திட்டவில்லை. "எத்தினி மாசமாம்மா அப்படி பளபளன்னு இருக்கு?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை. வெட்கமாக இருந்தது.

இருந்தாலும் பெண்பிள்ளை, மெட்ராஸ், பத்து நாள். ஆகவே வந்து நல்ல புத்தி சொல்லித் தடுத்து நிறுத்தவும். அக்காவுக்கு வணக்கங்கள், கோபாலுக்கு ஆசீர்வாதம். எல்லோரும் நோய் நொடியில்லாமல் இருக்க எல்லாம் வல்ல முருகன் துணை.

இப்படிக்கு,
அன்பு மறவாத
தணிகாசலம்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கனகம் ரோட்டைத் தாண்டி எங்கிருந்தோ ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து இறக்கினாள். குடிக்கலாமா என்று என்னைக் கேட்கவில்லை, மகளைக் கேட்டாள். அவள் காகிதத்தை முக்கித் தலையாட்டும் வரை தாகத்தோடு நானும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மேலே எழுதியதை எல்லாம் படிக்க வேண்டாம். பரிசப் பேச்சு அவள் படித்து முடிக்கிற வரை வேண்டாம். ஆனால் அவசியம் வாருங்கள். வரும்போது உங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுவரச் சொல்கிறாள். அதை அவள் கையிலேயே கொடுங்கள். என் கையில் மட்டும் கொடுக்க வேண்டாம்.