கேட்டுச் சொல்கிறவர்

மனிதர்களில் ‘கேட்டுச் சொல்கிறேன்’ என்று ஓர் இனம் உண்டு. பார்வைக்கு நம்மைப் போலவே இருப்பார்கள். கண், காது, மூக்கு எதிலும் குறை கிடையாது; காது மட்டும் சற்றுக் கூடுதலாகவே வேலை செய்யும். சொந்தமாக ஓர் அபிப்பிராயம் வைத்துக்கொள்ளும் வழக்கம்தான் இல்லை. தேவைப்படும்போது வெளியில் போய் வாங்கி வருவார்கள். சட்டை எடுக்கப் போனால் துணியைப் பார்க்க மாட்டார்கள், பக்கத்தில் நிற்கும் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்ப்பார்கள். முடி வெட்டிக்கொண்டு, நன்றாக இருக்கிறதா என்று வெட்டியவரிடமே கேட்பார்கள்.

இவர்களை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? சுலபம். ‘சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன், நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?’ என்று ஆரம்பிப்பார்கள். நீங்களும் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு அரைமணி நேரம் மண்டையைக் குடைந்துகொண்டு ஒரு வழி சொல்வீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டு, ‘அதுவும் சரிதான்’ என்பார்கள். அந்த ‘உம்’ இருக்கிறதே, அங்கேதான் ஆள் பிடிபடுவார். உங்களுக்கு முன்னால் ஒருவர் சொன்னதும் சரி, பின்னால் ஒருவர் சொல்லப்போவதும் சரி, நடுவில் நீங்கள் மாட்டிக்கொண்டு சொன்னதும் சரி.

ஜாவாத் தீவில், எங்கள் செமராங் நகரத்தில் இந்த இனத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஆற்றோரத் தெருவுக்கு வந்து தெகுவின் வீட்டைக் கேட்க வேண்டும். தெகு என்றால் ஜாவா மொழியில் உறுதியானவன் என்று அர்த்தம். பெயர் வைத்தவர்கள் யாரையும் கேட்காமல் வைத்துவிட்டார்கள். நகரக் குடிநீர் அலுவலகத்தில் உத்தியோகம். வருகிற புகார்களை எந்தப் பிரிவுக்கு அனுப்பலாம் என்று எல்லாப் பிரிவுகளிலும் கேட்டு வருவது வேலை. மனைவி வெனிங், ஆரம்பப் பள்ளியில் கணக்கு டீச்சர்; புருஷனை ஊர் வழக்கப்படி ‘மாஸ்’ என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து முதல் குழந்தை உண்டாகியிருந்தாள்.

முப்பத்தெட்டாவது வாரம், ஒரு சனிக்கிழமை, டாக்டர் எர்னா இரண்டு தடவை ரத்த அழுத்தம் பார்த்தார். கொஞ்சம் ஏறியிருந்தது. குழந்தையும் நல்ல கனம்.

“இனிமே ரொம்பக் காத்திருக்க வேண்டாம். ரெண்டு வழி இருக்கு. மருந்து வெச்சு வலி வர வைக்கலாம். ஒரு நாள் ஆகலாம், ரெண்டு நாளும் ஆகலாம், சில சமயம் கடைசியில ஆபரேஷன்லயே போய் முடியலாம். இல்லேன்னா நேரா ஆபரேஷன். உங்க நிலைமைக்கு ரெண்டுமே செய்யக்கூடியதுதான். புதன்கிழமைக்கு மேல தள்ளக் கூடாது. நடுவுல தலைவலி வந்தாலோ கண்ணு மங்கினாலோ உடனே வந்துடணும். நீங்க யோசிச்சு முடிவு பண்ணிச் சொல்லுங்க” என்றார்.

‘நீங்க’ என்று சொன்னபோது டாக்டர் பார்த்தது வெனிங்கை. எழுந்து நின்று தலையாட்டியது தெகு.

“கேட்டுச் சொல்றேன், டாக்டர்.”

ஆஸ்பத்திரி வாசலிலேயே வேலை தொடங்கிவிட்டது. வெனிங் வண்டிக்குப் பக்கத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க, விசிலும் கையுமாக வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவரைத் தெகு பிடித்துக்கொண்டார். நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

“எனக்கு அஞ்சு பிள்ளைங்க, பாக். அஞ்சும் வீட்டுலயே பொறந்துச்சு. நான் வண்டியை எடுக்கறதுக்குள்ள பொறந்துடும்” என்றார் அவர் (‘பாக்’ என்றால் எங்கள் ஊரில் ‘ஐயா’), ஒரு காரைப் பின்னால் வரச்சொல்லிக் கையாட்டிக்கொண்டே.

“அதுவும் சரிதான்” என்றார் தெகு.

அன்று மாலை தெகால் என்ற ஊரில் இருக்கும் அக்காவுக்குப் போன். அக்கா இரண்டு ஆபரேஷன் செய்துகொண்டவள். “எதுக்குடா அவ கத்திக்கிட்டுக் கிடக்கணும்? ஒன்பது மணிக்கு உள்ள போனேன், பத்து மணிக்குக் குழந்தைக்குப் பவுடர் போட்டாச்சு” என்றாள். அடுத்தது அம்மா. அம்மா பிரசவ முறையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கிழமையையும் ஜாவாவின் ஐந்து சந்தை நாட்களையும் சேர்த்து விரல் விட்டு எண்ணிவிட்டு, “புதன்கிழமை வேண்டாம்டா. அன்னிக்கு அஞ்சு சந்தை நாள்ல ‘போன்’ங்கற நாள். நீ பொறந்ததும் அதே புதன், அதே ‘போன்’தான். அப்பனும் பிள்ளையும் ஒரே நாள்ல பொறந்தா ஒரு வீட்டுல ஒத்துப்போகாது. வியாழக்கிழமைன்னா பேஷா இருக்கும்” என்றாள். தெகு அதையும் குறித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு. பள்ளித் தோழர் குழு, அலுவலகக் குழு, நீர்மூழ்கி மோட்டார் பழுதுபார்ப்போர் குழு என்று மூன்றிலும் போட்டார். மருந்துக்கு இருபத்தேழு, ஆபரேஷனுக்கு இருபத்தேழு. பதினொரு பேர் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். ஒருவர் மட்டும் மோட்டாரின் குதிரைத் திறன் என்ன என்று கேட்டிருந்தார். இப்படிச் சரிபாதியாக வந்து நின்றால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? எரிச்சலோடு போனை மூடிவைப்போம். தெகுவுக்கோ உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது அல்லவா?

இத்தனை நாளும் வெனிங் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நீங்கள் கேட்கலாம். தெகு கேட்கவில்லை. அவள் பரீட்சைத் தாள் திருத்தினாள், கால் வீக்கத்துக்குத் தலையணை வைத்துப் படுத்தாள், ஒரு தடவை டாக்டருக்குப் போன் செய்து கால் மணி நேரம் பேசினாள். அப்போது தெகு மீன்காரரிடம் கருத்துக் கேட்கப் போயிருந்தார்.

செவ்வாய்க்கிழமை தெரு ஆண்களின் மாதக் கூட்டம். ஒவ்வொரு மாதமும் ஒரு வீட்டில் நடக்கும்; அந்த மாதம் தெகுவின் வீட்டு முறை. மாலை மஃரிப் தொழுகை முடிந்ததும் பதினான்கு பேர் வந்து பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டு சுந்தாரி உள்ளே தெம்பே என்கிற சோயா வில்லைகளைப் பொரித்துக்கொடுக்க, வெனிங் திரைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து தட்டில் அடுக்கினாள். தெருத் தலைவர் பாக் மார்யோனோ தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; நோட்டுப் புத்தகமில்லாமல் மூச்சுகூட விட மாட்டார். முதலில் சாக்கடை அடைப்பு. பிறகு கொசுமருந்துப் புகை. மூன்றாவதாக, ‘இதர விஷயங்கள்’ என்று அவர் வாசித்ததும் தெகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

சொல்லி முடித்ததுதான் தாமதம், சாக்கடைக்கு வாயே திறக்காதவர்களெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பதினான்கு பேரில் ஒருவர்கூடப் பிள்ளை பெற்றவர் இல்லை என்பது அவர்களுக்கு ஒரு தடையாகத் தோன்றவில்லை.

“இயற்கைக்கு விட்டுடணும்” என்றார் வாத்து வளர்ப்பவர். “என் வாத்து ஒண்ணைக்கூட இதுவரைக்கும் நான் அவசரப்படுத்தினதில்ல.”

“மருந்து வெச்சா அது இயற்கையா?” என்றார் மீன்காரர்.

“கத்தி வெச்சா மட்டும் இயற்கையாக்கும்?”

“என் மச்சினி பொண்ணுக்கு மருந்து வெச்சாங்க. மூணு நாள். கடைசியில அவ புருஷன்தான் மயங்கி விழுந்தான்.”

பாக் மார்யோனோ பேனாவால் தட்டைத் தட்டி அமைதிப்படுத்தினார். “இது ஆழ்ந்து ஆராய வேண்டிய விஷயம். மூணு பேர் கொண்ட குழு ஒண்ணு போட்டு, அடுத்த மாசக் கூட்டத்துக்குள்ள அறிக்கை கொடுக்கச் சொல்லலாம்.”

அடுத்த மாதம் என்று கேட்டும் ஒருவரும் சிரிக்கவில்லை. தெகுகூட, “அதுவும் சரிதான்” என்று சொல்ல வாயெடுத்துவிட்டார்.

திரை விலகியது. வெனிங் தெம்பே தட்டோடு வந்து நின்றாள். குனிந்து வைக்க முடியாததால் இரண்டு பேர் எழுந்து வாங்கிக்கொண்டார்கள்.

“மன்னிக்கணும், பாக். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில சேர்றேன். மருந்து வைக்கறாங்க. டாக்டர்கிட்ட எல்லாம் கேட்டுட்டேன். அது ஒத்துவரலேன்னா அங்கேருந்து ஆபரேஷனுக்குப் போலாம். ஆபரேஷன் பண்ணிக்கிட்டு அங்கேருந்து இங்கே திரும்பி வர முடியாது. எனக்கு இன்னொரு குழந்தையும் வேணும். அதனால முதல்ல இதைப் பாக்கறேன்.”

கணக்கு டீச்சர் கரும்பலகையில் விடையைப் போட்டுவிட்டுச் சாக்பீஸை வைத்தது போல இருந்தது. தெகு மெதுவாக, “எப்ப முடிவு பண்ணினே?” என்றார்.

“ஞாயித்துக்கிழமை.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே?”

“நீங்க கேக்கவே இல்லையே, மாஸ்.”

பதினான்கு பேரும் தெம்பேயில் ஆழ்ந்துபோனார்கள். பாக் மார்யோனோ நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். “அப்ப அந்தக் குழு?”

“சாக்கடைக்கு ஒரு குழு போடுங்க, பாக். நாலு மாசமா அடைச்சிருக்கு” என்று சொல்லிவிட்டு வெனிங் உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் மருந்து வைத்தார்கள். அன்று முழுவதும் வலி வருவேனா மாட்டேனா என்று பூச்சாண்டி காட்டியது. வியாழக்கிழமை விடியும்போது நிஜமாகவே பிடித்துக்கொண்டது. தெகுவின் போனை நர்ஸ் வாங்கி வெளியே அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். பல வருஷங்களுக்குப் பிறகு அவர் கை காலியாக இருந்தது. அந்தக் கையை வெனிங் பிடித்து நெரித்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்குப் பாதிவழி வந்த பிரசவம் அங்கேயே நின்றுவிட்டது. மதியம் ஒரு மணிக்கும் அதே பாதி. வலி வரும்போதெல்லாம் குழந்தையின் இதயத்துடிப்பு தணிந்து தணிந்து ஏறுவதைத் தெகு கட்டிலருகே துடிப்பை அளந்துகொண்டிருந்த பெட்டியின் சத்தத்திலேயே தெரிந்துகொண்டார். டாக்டர் எர்னா வந்து பெட்டியிலிருந்து வந்த காகிதச் சுருளைப் பார்த்தார்.

“குழந்தை லேசா களைக்க ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ஒரு மணி நேரம் பாக்கலாம். இல்ல, இப்பவே ஆபரேஷனுக்குப் போலாம். நீங்க சொல்லுங்க.”

வெனிங் தலையைத் திருப்பினாள். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது.

“மாஸ். உங்களுக்கு என்ன தோணுது?”

இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்பது அவர் வேலை.

“அக்கா என்ன சொன்னான்னா…”

“அக்காவைக் கேக்கல.”

“பாக் மார்யோனோ…”

அடுத்த வலி வந்தது. வெனிங் பல்லைக் கடித்தாள். தெகு வாயை மூடிக்கொண்டார். அக்கா, அம்மா, மீன்காரர், விசில்காரர், வாக்களித்த ஐம்பத்துநான்கு பேர் என்று ஒவ்வொருவராக மனசுக்குள் வந்து அவரவர் பாட்டுக்குப் பேசிவிட்டுப் போனார்கள். எல்லாரும் போன பிறகு அங்கே ஒன்றுதான் மிச்சமிருந்தது. அது முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது. அதைப் பார்க்காமலிருக்கத்தான் அவர் ஊரெல்லாம் சுற்றியிருக்கிறார்.

“எனக்குப் பயமா இருக்கு” என்றார். “சனிக்கிழமையிலேருந்தே பயம்தான். நீ ரொம்பக் களைச்சுப்போயிட்டே. போதும்னு தோணுது.”

வெனிங் கண்ணை மூடித் திறந்தாள். “எனக்கும் அதேதான் தோணுது.” பிறகு டாக்டரைப் பார்த்து, “ஆபரேஷன் பண்ணிடுங்க” என்றாள்.

நாற்பது நிமிஷம் தெகு வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஓர் ஆள், எதிரில் இரண்டு பேர். ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழுகைச் சத்தம் வந்தது. பெண் குழந்தை, மூன்றரைக் கிலோவுக்கு மேல். தாயும் பிள்ளையும் நலம்.

பிறகு ஊரில் தோற்றவர் என்று ஒருவர்கூட இல்லாமல் போனதுதான் வேடிக்கை. ஆபரேஷனுக்கு வாக்களித்த இருபத்தேழு பேர், “நான் அன்னிக்கே சொன்னேன்” என்றார்கள். மருந்துக்கு வாக்களித்தவர்கள், “நல்லவேளை, முயற்சியாவது பண்ணினீங்க” என்றார்கள். வியாழக்கிழமை பிறந்ததால் அம்மாவுக்குப் பரம திருப்தி. பாக் மார்யோனோ கூட்டக் குறிப்பில், ‘மூன்றாவது விஷயம் சுமுகமாக முடித்துவைக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தெகு திருந்திவிட்டார் என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை, நானும் சொல்லப் போவதில்லை. ஐந்தாம் நாள் குழந்தைக்கு விக்கல் வந்தபோது வாத்து வளர்ப்பவர் வீட்டுக்குத்தான் ஓடினார். ஆனால் ஓடுவதற்கு முன்னால் கட்டில் அருகே நின்று, “உனக்கு என்ன தோணுது?” என்று வெனிங்கைக் கேட்டார். “தானா நின்னுடும்” என்றாள் அவள். அதுவும் சரிதான் என்று சொல்லிவிட்டுத்தான் ஓடினார்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு யாராவது ஒருவர் ஞாபகம் வந்திருப்பார். மைத்துனராக இருக்கலாம், மேலதிகாரியாக இருக்கலாம். நீங்கள் அப்படியில்லை. உங்கள் முடிவுகளை நீங்களே எடுப்பவர் நீங்கள். அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. உங்களுக்கு இருந்தால், வீட்டில் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.