பெயர் போடாத சீட்டு

கர்த்தருக்குள் அன்பான சின்னவளுக்கு,

உன் அக்கா, அதாவது மூன்று வருஷமாக நீ முகம் கொடுத்துப் பேசாத அதே அக்கா, எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உன் அத்தானும் சுகம். மூட்டுவலி, என் இடது காது, மாடிப்படியில் உடைந்துபோன மூன்றாவது படி, இவை மட்டும் நீங்கலாக. நீயும் சுகமாக இருப்பாய் என்று விசுவாசிக்கிறேன். நேரில் விசாரிக்க வழியில்லாதபோது விசுவாசிக்கத்தானே முடியும்? உன் விலாசம் எப்படிக் கிடைத்தது என்று கேட்காதே, கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாதே. முதலில் படி, பிறகு கிழி.

விஷயம் போன ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. பிறரை நியாயந்தீர்ப்பதைப் பற்றிப் போதகர் பிரசங்கம் செய்தார். அடுத்தவன் கண்ணில் விழுந்த தூசியை எடுத்துவிடக் கையை நீட்டுகிறவனுக்குத் தன் கண்ணில் ஓர் உத்திரமே குறுக்கே கிடப்பது தெரியாது என்று இயேசு சொன்னாரே, அதைப் பற்றி. அருமையான செய்தி. கேட்கக் கேட்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, ஏனென்றால் இது யாருக்குத் தேவையோ அந்தப் பாடகர் குழுத் தலைவர் அன்றைக்கு ஆலயத்துக்கே வரவில்லை. அவர் மனைவி வந்திருந்தாள், ஆனால் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, தனக்கில்லை என்பதுபோல உட்கார்ந்திருந்தாள். என் பக்கத்தில் கடிகாரக்காரம்மா, அதுதான், கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவரின் மனைவி, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்தவள், போதகர் சரியாக உத்திரத்துக்கு வரும்போது இடது கையால் கைப்பையில் மிட்டாய் தேடுகிறாள். முழங்கையால் ஒரு இடி இடித்து, "கேளுங்க, நல்லா கேளுங்க" என்றேன். இப்படி ஒவ்வொரு வரிசையாக யாருக்கு உறைக்கிறது, யாருக்கு உறைக்கவில்லை என்று பார்த்து முடிப்பதற்குள் பிரசங்கம் முடிந்துவிட்டது. கடைசிக் கால் மணி நேரம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

நீ சிரிப்பாய். இருபத்தொன்பது வருஷம் சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் மேசையில் நின்ற கண் இது, சும்மா இருக்கச் சொன்னால் இருக்குமா? காலர் கோணலா, தையல் விட்டுப்போயிருக்கிறதா, பட்டன் அரை நூல் தள்ளியிருக்கிறதா, கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டினால் சட்டை தைத்தவளிடமே திரும்பிப் போகும். உனக்குத் தெரியாததா? நீ தைத்த காலரில் நான் ஒட்டாத அம்பா? கூடப்பிறந்தவள் என்று ஒரு நாள் விட்டிருக்கிறேனா? ஓய்வு பெற்ற அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், நானாக ஒரு ரோல் அம்பு ஸ்டிக்கரும் எடுத்துக்கொண்டு வந்தேன். கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன், பதில் வருவதற்குள் பஸ் வந்துவிட்டது.

இப்போது புதன்கிழமைக்கு வருகிறேன். பெண்கள் ஜெபக்கூட்டம் மூன்று மணிக்கு, ஆலயத்தின் பின்னறையில். உன் அத்தான் இரண்டு மணிக்கே போய்ப் பதினோரு பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, மின்விசிறியைத் துடைத்து, பிஸ்கட் டின்னை நடு மேசையில் வைத்துவிட்டு வெளியே மரத்தடியில் உட்கார்ந்துகொள்வார். டிப்போவில் மெக்கானிக்காக இருந்தபோதாவது பஸ்ஸோடு பேசினார், இப்போது ஒரு நாளைக்கு நாலு வார்த்தை, அதில் இரண்டு "ம்". டின்னுக்குள் பிஸ்கட் கிடையாது, ஜெபக்குறிப்புச் சீட்டுகள். பெயர் எழுதக் கூடாது, ஆண்டவருக்குத் தெரியும் என்பது சட்டம். ஆண்டவருக்குத் தெரிந்தது சீக்கிரமே எனக்கும் தெரிந்துவிடும் என்பது வேறு விஷயம். எந்தச் சீட்டை எடுத்து ஜெபிப்பது என்ற பொறுப்பு ஏழு வருஷமாக என்னுடையது. விஷயம் உள்ள சீட்டாகப் பார்த்து எடுப்பேன். சிலர் எழுதுவதில் ஒன்றுமே இருக்காது. வாராவாரம் ஒரு சீட்டு வரும், "போனவள் திரும்பி வரவேண்டும்" என்று மூன்றே வார்த்தை. யார் போனாள், எங்கே போனாள், எவனோடு போனாள், ஒரு விவரமும் இல்லை. இப்படி எழுதினால் எதை வைத்து ஜெபிப்பது? அதையெல்லாம் அப்படியே மடித்து ஒரு துணிப்பையில் போட்டு வைத்துவிடுவேன்.

இந்த இடத்தில் பழைய கதையைத் தொடாமல் போக முடியவில்லை. அன்றைக்கு நீ ஒரு பெட்டியோடு வாசலில் வந்து நின்றாய். புருஷனை விட்டுவிட்டு வந்திருக்கிறாய் என்பது பெட்டியின் கனத்திலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. ஒன்பது நாள் மாடி அறையில் உன் தையல் மெஷினோடு கிடந்தாய். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாய், மற்றபடி பேச்சில்லை. நானும் என்ன ஏது என்று கேட்டிருப்பேன், அந்த வாரம் பார்த்து ஆலயத்தில் வெள்ளையடிப்பு, நேரம் அமையவில்லை. ஆனால் புதன்கிழமை உன்னை ஜெபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேனா இல்லையா? பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணை மூடி, "கட்டின வீட்டை உடைத்துக்கொண்டு வந்து நிற்கிற ஒரு சகோதரிக்காக" என்று ஆரம்பித்தேன். பெயர் சொன்னேனா? இல்லை. உறவு சொன்னேனா? இல்லை. பெட்டி என்று ஒரு வார்த்தை வாய் தவறி வந்தது, அவ்வளவுதான். அந்த அறையில் புதுமுகம் நீ ஒருத்திதான் என்றால் அதற்கு நானா பொறுப்பு? மறுநாள் காலையில் காபியோடு மேலே வந்தால் கட்டில் காலி. மெஷினில் ஒரு சட்டை, காலர் பாதியில் நிற்கிறது. அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, நான் எடுக்கவில்லை. காலர் நேராகத்தான் வந்திருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

சரி, இந்தப் புதன்கிழமை டின்னைத் திறந்தால் மேலாக ஒரு சீட்டு, கோணல் மாணலான எழுத்து, ஆனால் விவரமென்றால் அப்படி ஒரு விவரம். சத்தமாகப் படித்தேன். "ஒரு சகோதரி. ஊரில் உள்ளவர்கள் குறையெல்லாம் அவள் விரல் நுனியில். கூடப்பிறந்தவளின் காயத்தை ஜெபம் என்ற பெயரில் நாலு பேர் முன்னால் திறந்து காட்டினாள். இவளுக்கு இன்னும் உறைக்கவில்லை. இவள் கண் திறக்க ஜெபியுங்கள்." படித்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. பாடகர் குழுத் தலைவரின் மனைவிதான், வேறு யார்? அவளுக்கும் அவள் தங்கைக்கும் அம்மாவின் பாத்திரங்களைப் பிரித்ததில் மனஸ்தாபம் என்று எல்லாருக்கும் தெரியும், எல்லாருக்கும் சொன்னதே நான்தான். எழுந்து நின்றேன். சின்னவளே, அப்படி ஒரு ஜெபம் நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, இனியும் செய்யப் போவதில்லை. "ஆண்டவரே, இப்படியும் ஒரு பெண்ணா! கூடப்பிறந்தவளைக் காட்டிக் கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு உம்முடைய சந்நிதிக்கு வருகிறாள்? இவள் நெஞ்சு கல்லா? வெளியே வெள்ளையும் சள்ளையுமாக வந்து உட்கார்ந்தால் உள்ளே இருப்பது உமக்குத் தெரியாதா?" என்று இருபது நிமிஷம். முடிவில் உருக்கம் தாங்காமல், "நான் இவளைப்போல் இல்லாதபடி என்னைக் காத்தீரே, ஸ்தோத்திரம்" என்று அழுதேவிட்டேன்.

ஒருத்தியும் ஆமென் சொல்லவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். பத்துப் பேரும் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாடகர் குழுத் தலைவரின் மனைவி வாயைக் கையால் பொத்திக்கொண்டிருக்கிறாள், சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

"என்ன, யாருமே ஆமென் சொல்லலையே?" என்றேன்.

போதகரம்மா சின்னப் பெண், சத்தமாகப் பேச வராது. எழுந்து வந்து என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "எங்க சொல்றதுன்னு தெரியலக்கா. முதல்ல தண்ணி குடிங்க. அந்தச் சீட்டை நீங்களே வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

வழியில் நின்று இன்னொரு தடவை படித்தேன். மருந்துக்கடை வாசலில் மூன்றாவது தடவை. அப்போதுதான் ஆலயத்தில் முன்னால் போய் நின்று, நான் மற்றவர்களைப்போல் இல்லையே, ஸ்தோத்திரம் என்று ஜெபித்த இன்னொரு ஆள் நினைவுக்கு வந்தான். இயேசு சொன்ன கதையில் வருகிறவன். வீட்டுக்குப் போகும்போது அவன் நல்லவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு போகவில்லை.  உன்னிடம் சொல்வதற்கென்ன, நடுத்தெருவில் நின்று அழுதேன். மருந்துக்கடைக்காரர் நாற்காலி எடுத்துப் போட்டார்.

அழுது முடித்ததும் அடுத்த கேள்வி. யார் எழுதியது? கோணல் எழுத்து என்றால் பழக்கமில்லாத கை. பழக்கமில்லாத கை என்றால் இடது கை. இடது கையால் எழுதவேண்டிய நிலைமையில் சபையில் இருப்பது யார்? மாவுக்கட்டு! நேராகக் கடிகாரக்காரம்மா வீட்டுக்குப் போனேன், வெறுங்கையோடு போகவில்லை, அரை டஜன் ஆப்பிளோடு. கதவைத் திறந்ததும், "உங்களை நான் மனசார மன்னிச்சுட்டேன்" என்றேன். அவள் வெலவெலத்துப்போய், "ஐயையோ, உங்களுக்கு யார் சொன்னாங்க? ஆலயத்து மெத்தையை நான் திருப்பிக் கொடுத்துடறேன். உங்க இடது காது பத்தி நான் சொன்னது விளையாட்டுக்குக்கா" என்று நான் கேட்காத இரண்டு விஷயங்களை ஒப்புக்கொண்டாள். எந்த மெத்தை என்று நான் கேட்கவில்லை. முன்னால் இருந்த நானாக இருந்தால் விட்டிருப்பேனா? அதிலிருந்தே தெரியவில்லையா நான் எவ்வளவு மாறிவிட்டேன் என்று? சீட்டு விஷயத்தை மட்டும் கடைசி வரைக்கும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. பரவாயில்லை, அதையும் சேர்த்து மன்னித்துவிட்டு வந்தேன்.

ஆகவே சின்னவளே, இனி யாரையும் நியாயந்தீர்ப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். இந்தத் தீர்மானம் எடுத்தவர்கள் நம் சபையில் எனக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை. நீ அன்றைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போனது, மூன்று வருஷமாக ஒரு வரி எழுதாமல் இருந்தது, புருஷன் வீட்டைவிட்டு வந்தது, எல்லாவற்றையும் நான் முழு மனதோடு மன்னித்துவிட்டேன். ஒரு துளி வருத்தம் இல்லை. மாடி அறை அப்படியேதான் இருக்கிறது. நீ வரலாம். வா. வீடு வீடாக இல்லை.

கர்த்தர் உன்னைக் காத்து, உன் ஊசிக்கும் நூலுக்கும் குறைவில்லாமல் நடத்துவாராக. நீ குடியிருக்கிற வீட்டுக்காரம்மாவுக்கும், உன் தெருவில் என்னைத் திட்டாத எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம்.

இப்படிக்கு,
உன்மேல் பாசத்துக்குக் குறைவில்லாத
அக்கா

பின்குறிப்பு: மேலே உள்ளதை உறையில் போட்டு, ஒட்டாமல் உன் அத்தானிடம் கொடுத்தேன். தபால் பெட்டி தெருமுனையில்தான். செருப்பை மாட்டிக்கொண்டவர் வாசற்படியில் நின்றபடியே எல்லாப் பக்கத்தையும் படித்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"கடிகாரக்காரம்மா எழுதல" என்றார்.

"பின்னே யாரு?"

"நான். வலது கையால எழுதினா உனக்குத் தெரிஞ்சிடும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நேர்ல சொல்றதுக்கு என்ன?" என்று கத்தினேன். "சொன்னா நீ பேசுவ. அதான் மூணு வருஷமா வாராவாரம் எழுதிப் போட்டேன், போனவள் திரும்பி வரணும்னு. நீ படிக்கவே இல்ல. விவரம் இருந்தாத்தான் நீ படிப்பன்னு இப்பத்தான் புரிஞ்சது. விவரமா எழுதினேன்" என்றார்.

துணிப்பையைக் கொட்டிப் பார்த்தேன். எல்லாம் அதே கோணல் எழுத்து. எண்ண மனசு வரவில்லை. எவனோடு போனாள் என்று கேட்டேனே, அது நீ. நூலளவு கோணலையும் விடாத கண்ணுக்கு இது தெரியவில்லை.

அவர் அதோடு விடவில்லை. "இத்தனை பக்கம் எழுதியிருக்க. மன்னிச்சிட்டேன், மன்னிச்சிட்டேன்னு எழுதியிருக்க. அவகிட்ட ஒரு இடத்துலகூட மன்னிப்புக் கேக்கல" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பேசிவிட்டுச் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார், மூன்றாவது படியில். தட்டுகிற சத்தம் இங்கே கேட்கிறது.

அதனால் மேலே எழுதியதை எல்லாம் இல்லை என்று வைத்துக்கொள். மன்னித்துவிட்டேன் என்று எழுதின இடத்தை அடித்துவிட்டேன். அம்பு ஸ்டிக்கர் ரோலை இதோடு வைத்திருக்கிறேன், இந்தக் கடிதத்தில் எங்கெங்கே ஒட்டணுமோ நீயே ஒட்டிக்கோ. பத்தாதுன்னா எழுது. தப்பு என்மேலதான்டி. உன்னை அந்த நாற்காலியில உட்காரவச்சு அப்படிப் பேசினதுக்கு என்னை மன்னிச்சிடு. ஒன்பது நாள் நீ மேலே இருந்தே, ஒரு தடவைகூட நான் கேக்கல. வெள்ளையடிப்பெல்லாம் இல்ல, கேக்கணும்னு எனக்குத் தோணல. இப்ப கேக்கறேன்.

அன்னைக்கு உனக்கு என்னம்மா ஆச்சு?