கண்ணாடிக்காரரின் ரெசல்யூஷன்

முதல் தேதி காலை. பல் துலக்கிய வாயைக்கூடத் துடைக்காமல் கண்ணாடிக்காரர் கூடத்தின் நடுவில் வந்து நின்றார்.

"ஒரு ரெசல்யூஷன் எடுத்திருக்கேன். இந்த மாசம் முழுக்க அந்த லாரி கேமைத் தொடமாட்டேன்."

மனைவி தையல் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"போன மாசமும் ஒண்ணு எடுத்தீங்களே?"

"அது சாதாரண ரெசல்யூஷன். இது ஹை ரெசல்யூஷன்."

"அப்படின்னா எழுதிக் குடுங்க."

ரெசல்யூஷன் சொன்ன வாய் அதோடு நின்றிருக்கலாம். வீரம் தலைக்கேறியிருந்த நேரம். கடைவீதியில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் எழுதிக் கொடுக்கும் சீட்டு ஒன்று சட்டைப்பையில் இருந்தது. அதில் 'வலது கண்', 'இடது கண்' என்று இரண்டு கட்டங்கள். வலது கண்ணுக்குக் கீழே, "இம்மாதம் கம்ப்யூட்டரில் விளையாட மாட்டேன்" என்று எழுதினார். இடது கண் காலியாக இருப்பது பார்க்க நன்றாக இல்லை.

"மீறினா என்னன்னு அதுல எழுதுங்க," என்றாள் மனைவி.

"என்ன எழுத?"

"பின்னறை."

அவர் பேனா ஒரு நொடி நின்றது. அந்த வீட்டில் நல்ல ஜன்னல் உள்ள அறை அது ஒன்றுதான். காலையிலிருந்து மாலைவரை வெளிச்சம் கொட்டும். அந்த வெளிச்சத்தில் அவருடைய கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. ஊருக்கே உடை தைக்கும் மனைவியோ கூடத்தில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், போகிறவர் வருகிறவர் காலெல்லாம் துணியில் படாமல் காத்துக்கொண்டு ஊசியில் நூல் கோத்தாள். மூன்று வருஷமாக அந்த அறையைக் கேட்கிறாள். "லென்ஸ் ஆர்டர் போடணுமே" என்று மூன்று வருஷமாக அவர் சொல்கிறார். லென்ஸ் ஆர்டர் போடப் பத்து நிமிஷம் ஆகும். மிச்ச நேரமெல்லாம் அவர் மலைப்பாதையில் லாரி ஓட்டினார்.

"மீறினால் பின்னறையைத் தையலுக்கு விட்டுக்கொடுப்பேன்" என்று இடது கண்ணில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். தையல் என்றால் பெண் என்றும் ஒரு பொருள் உண்டு என்பது அவருக்கு அப்போது நினைவில் இல்லை. சீட்டு அலமாரிக் கண்ணாடியில் ஒட்டப்பட்டது.

பதினெட்டு நாள் தாக்குப்பிடித்தார். நம்புங்கள், நிஜமாகவே தாக்குப்பிடித்தார். பின்னறை வாசலைக் கடக்கும்போது கடன்காரனைக் கண்டவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லென்ஸ் ஆர்டரைக்கூட போனிலேயே சொன்னார். தூக்கத்தில் மட்டும் கியர் போட்டார்.

பத்தொன்பதாம் நாள் புதன்கிழமை. மத்தியானத்துக்குமேல் கடை லீவு. மனைவி தைத்து முடித்த யூனிஃபார்ம்களை இரண்டு பையில் அடுக்கினாள்.

"இதைக் குடுத்துட்டு, அப்படியே ஒரு சுத்து சுத்திட்டு, அஞ்சு மணிக்கு வந்துடுவேன். தனியா இருப்பீங்க. தூங்குங்க."

"தூக்கம்தான் வருது," என்று ஒரு கொட்டாவியும் விட்டார். அது நல்ல கொட்டாவி. கதவு சாத்தும்வரை நீடித்தது.

சாத்தியதும் பின்னறைக்கு ஓடினார்.

விளையாடுவதற்காக அல்ல. பதினெட்டு நாள் ஓடாத மவுஸ் துருப்பிடித்திருக்குமோ என்று பார்ப்பதற்காக. மவுஸ் ஓடியது. ஆனால் திரையைப் பார்த்ததும் திடுக்கிட்டார். ஒவ்வொரு படமும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. எழுத்தெல்லாம் கடைப் பலகை எழுத்துபோல் பூதாகரமாக இருந்தது. கேமைத் திறந்தார். லாரியின் கூரை தெரிந்தது, மேகம் தெரிந்தது. ரோடு எங்கோ மேஜைக்கு அடியில் போய்விட்டது. மேகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் லாரி என்ன ஆகும்? ஆனது.

போன மாதம் கடைசியாக விளையாடியபோது கேம் பாதியில் நின்றுபோனது அவர் ஞாபகத்துக்கு வந்தது. அப்போதே திரை கெட்டிருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, மச்சானுக்குப் போன் போட்டார். மனைவியின் தம்பி. பழைய கம்ப்யூட்டர் ஆமையாக ஊர்ந்தபோது, "லினக்ஸ் போட்டா பறக்கும் அத்தான்" என்று போட்டுக்கொடுத்த புண்ணியவான்.

"மச்சான், ஸ்கிரீன் பூதமா தெரியுது. சரி பண்ணணும். முதல்ல ஒரு சத்தியம் பண்ணு. உன் அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாது."

மச்சான் கொஞ்சம் யோசித்தான். "சத்தியமா நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன் அத்தான்."

போனில் 'களுக்' என்று ஏதோ சத்தம் கேட்டது.

"அங்க என்ன சத்தம்?"

"குக்கர் அத்தான். நீங்க செட்டிங்ஸைத் திறங்க. டிஸ்ப்ளேன்னு இருக்கும். ரெசல்யூஷன் எவ்வளவு காட்டுது?"

"எண்ணூறு, அறுநூறு."

"அதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது இருக்கும், அதை எடுத்துட்டு, கீழ 'அப்ளை'ன்னு ஒரு பட்டன் இருக்கும், அமுக்குங்க."

"கீழ எதுவும் இல்லையே!"

"இருக்கும் அத்தான். ஸ்கிரீன் பெருசா தெரியறதால பட்டன் ஸ்கிரீனுக்கு வெளியே போயிருக்கும்."

கண்ணாடிக்காரர் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். பிறகு தனக்கே வெட்கப்பட்டு நிமிர்ந்தார்.

"திரையைச் சரி பண்ற பட்டன், திரை சரியா இருந்தாதான் தெரியுமா? எவன்டா இதை வெச்சான்?"

"ஆல்ட் கீயை அமுக்கிட்டே அந்தப் பெட்டியை மவுஸால மேல இழுங்க."

இழுத்தார். பட்டன் வந்தது. அமுக்கினார். திரை பளிச்சென்று நுணுகியது. நடுவில் பொடி எழுத்தில் ஒரு கேள்வி முளைத்தது.

"என்னமோ கேட்குது. படிக்க முடியலை, இரு, கண்ணாடி எடுத்துட்டு வரேன்."

"அத்தான், போகாதீங்க! பதினஞ்சு செகண்ட்தான்..."

அவர் போய்விட்டார். ஊருக்கே கண்ணாடி போட்டுவிடும் மனிதருக்குத் தன் கண்ணாடி எங்கே என்று தெரியாது. அலமாரியில் தேடினார். சட்டைப்பையில் தேடினார். நெற்றியில் கிடைத்தது. திரும்பி வந்தபோது திரை மறுபடியும் பூதமாகியிருந்தது.

"இந்த மாத்தம் வேணுமான்னு கேட்கும் அத்தான். பதினஞ்சு செகண்டுக்குள்ள 'ஆமா'ன்னு சொல்லலைன்னா பழையபடி ஆயிடும்."

"வாக்குல நிக்காத ஜென்மமா இருக்கே!"

மறுபடியும் அதே 'களுக்'.

"குக்கர் இன்னும் எத்தனை விசில்டா?"

"நீங்க கவனமா பண்ணுங்க அத்தான்."

இரண்டாம் முறை அவசரத்தில், ரெசல்யூஷனுக்கு மேலே இருந்த, திரையைத் திருப்பும் கட்டத்தில் கை பட்டது; அதைக் கவனிக்காமல் 'அப்ளை'யை அமுக்கினார். திரை தலைகீழானது. மவுஸை மேலே தள்ளினால் அம்பு கீழே போனது. கண்ணாடிக்காரர் நாற்காலியில் திரும்பி மண்டியிட்டு, தலையைக் கால்களுக்கிடையே தொங்கவிட்டுப் படிக்கப் பார்த்தார். ஐம்பது வயது முதுகு 'டப்' என்றது.

"மச்சான்! வீடே கவுந்துடுச்சு!"

"எதையும் தொடாதீங்க. கண்ணை மூடிட்டுப் பதினஞ்சு எண்ணுங்க. தானா நிமிர்ந்துடும்."

நிமிர்ந்தது. முதுகுதான் நிமிரவில்லை. மூன்றாம் முறை எல்லாம் ஒழுங்காக நடந்தது. "இதை வைத்துக்கொள்ளலாமா?" என்று திரை கேட்டது. கல்யாணத்தில்கூட அவ்வளவு சந்தோஷமாக அவர் 'ஆமாம்' சொல்லியிருக்கமாட்டார்.

அதற்குப் பிறகு ஒன்றேகால் மணி நேரம் அவர் சொர்க்கத்தில் இருந்தார். ரோடு முழுசாகத் தெரிந்தது. பள்ளம் தெரிந்தது, மைல்கல்லில் எழுதியிருந்தது தெரிந்தது. ஆறு மாதமாகக் கவிழ்ந்துகொண்டே இருந்த பன்னிரண்டாவது வளைவில் லாரி வழுக்கிக்கொண்டு திரும்பியபோது, "அப்படிப் போடு!" என்று நாற்காலியிலேயே குதித்தார். முதுகும் சரியாகிவிட்டது.

நாலே முக்காலுக்கு எல்லாவற்றையும் அணைத்தார். நாற்காலியைப் பழைய இடத்தில் தள்ளினார். மேஜையைத் துடைத்தால் சந்தேகம் வருமென்று துடைக்காமல் விட்டார். தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு கட்டிலில் படுத்து, தலைமுடியையும் கொஞ்சம் கலைத்துக்கொண்டார்.

ஐந்து மணிக்கு மனைவி வந்தாள்.

"நல்லா தூங்கினீங்களா?"

"அசந்து தூங்கிட்டேன்."

"ஒரு ஜாக்கெட்டுக்குக் கை மாடல் பார்க்கணும்," என்று பின்னறைக்குப் போனாள். கம்ப்யூட்டர் உயிர்பெறும் சத்தம். பிறகு ஒரு பலவீனமான குரல்.

"என்னங்க... இங்க வாங்களேன். எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க."

ஓடினார். அவள் மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்திருந்தாள்.

"நேத்து வரைக்கும் எழுத்தெல்லாம் பெருசு பெருசா தெரிஞ்சுது. இப்போ எறும்பு மாதிரி இருக்கு. என் கண்ணுக்கு என்னமோ ஆயிடுச்சு."

பின்னறைக் கதவில் கடையின் பழைய எழுத்து அட்டை தொங்கியது. அவளை எதிர்ச் சுவரோரம் நிறுத்தி, மேலே இருந்த ஒற்றைப் பெரிய எழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இது என்ன?"

"மா... வா?"

"அது 'ப'ம்மா! கையகலம் இருக்கு!"

"எனக்குக் கறுப்பா ஒரு கட்டி மாதிரி தெரியுது." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "போகட்டும். தையலை விட்டுடுறேன். ஊசியில நூல் கோக்க முடியாதவளுக்கு மெஷின் எதுக்கு? நாளைக்கே யாருக்காவது குடுத்துடுங்க."

இருபத்தாறு வருஷமாக ஆயிரக்கணக்கான கண்களைப் பார்த்தவர் அவர். ஒரு தப்பான பவரைக்கூட எழுதியது கிடையாது. இப்போது தன் வீட்டிலேயே, பழுதில்லாத இரண்டு கண்கள் தன்னால் பழுதென்று அழுகின்றன. அவரால் பொறுக்க முடியவில்லை.

"உன் கண்ணுல ஒண்ணுமே இல்லைம்மா! ஸ்கிரீன்தான் மாறிடுச்சு. நான்தான் மாத்தினேன்!"

"நீங்களா? எதுக்கு?"

"லாரி... ரோடு தெரியலை..."

சொல்லி முடிக்கும்போதே தான் என்ன சொல்லிவிட்டோம் என்று புரிந்தது. அவள் சுவரோரத்திலிருந்து நகராமலேயே அட்டையை மேலிருந்து கீழே கடகடவென்று வாசித்தாள். கடைசி வரியையும் தாண்டி, அடியில் கடுகு எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் வாசித்தாள்.

"ரெண்டாம் தேதியே ஸ்கிரீனைப் பெருசு பண்ணி வெச்சேன். கூடத்துல மெஷின்ல உட்கார்ந்தபடியே மாடல் தெரியணும்ல? தம்பிதான் போன்ல சொல்லிக்குடுத்தான்."

"துரோகி! ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணினானே!"

"பாவம், அவனைத் திட்டாதீங்க. அவன் ஒரு வார்த்தை சொல்லலை. போனை ஸ்பீக்கர்ல போட்டான், அவ்வளவுதான். நான் அவன் வீட்லதான் இருந்தேன்."

"அப்போ அந்தக் குக்கர்...?"

"நான்தான்."

"எல்லாம் தெரிஞ்சிருந்தும் எதுக்கும்மா இப்படி அழுது என்னைப் பதற வெச்சே?"

"நான் கேட்டிருந்தா தூங்கினேன்னுதானே சொல்லுவீங்க? என் கண்ணுன்னா பொய் சொல்லமாட்டீங்கன்னு தெரியும்." சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அலமாரிக் கண்ணாடியிலிருந்து சீட்டைப் பிய்த்துக்கொண்டு வந்தாள். அவரை அவருடைய நாற்காலியிலேயே உட்காரவைத்து, அவர் கடையில் செய்வதுபோலவே வலது கண்ணை உள்ளங்கையால் மூடினாள். சீட்டை மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"இடது கண்ணை மட்டும் படிங்க."

"மீறினால்... பின்னறையைத்... தையலுக்கு..."

"தெளிவா தெரியுதா?"

"தெரியுது."

"அப்போ எழுந்து மெஷினைத் தூக்கிட்டு வாங்க. கம்ப்யூட்டர் செருப்பு ஸ்டாண்ட் பக்கத்துல இருக்கட்டும், லென்ஸ் ஆர்டர் போட அந்த வெளிச்சம் போதும்."