பெரியம்மா வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்த சிக்னல்

பட்டியல் போடாமல் நான் எந்த வேலையையும் தொட்டதில்லை. என் வாழ்க்கையின் ஆக மோசமான வேலைக்கும் பட்டியல் இருந்தது. ஒன்பது வரிகள்; எட்டுக்குச் சரி போட்டிருந்தேன். ஒன்பதாவதைச் செய்யாமல் விட்டிருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது.

அப்போது இலத்திரனியல் டிப்ளோமா முடித்து மூன்று மாதம். வட்டகொடைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரை போட்ட அந்த வரிசை வீடுகளில், யாராவது பல்ப் மாற்றினால்கூட என்னைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (யாரும் கேட்டதில்லை.)

பக்கத்து வீட்டில் பெரியம்மா, அப்பாவின் அண்ணன் மனைவி. பெரியப்பா இல்லை. கொழுந்து பறித்தே மகள் பவித்ராவை வளர்த்தார். பவித்ரா கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்கிறாள்; நன்றாகப் பாடுவாள். டீவியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரடி நிகழ்ச்சியில் ஒரேயொரு பாட்டுப் பாட அவளுக்கு இடம் கிடைத்தது.

அதுவரை எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தே டீவி பார்த்த பெரியம்மா, "எம்மக பாட்ட எம் வீட்டுல வச்சுத்தான் பாப்பேன். எல்லாரும் வரணும்" என்று சொல்லிவிட்டார். டீவி வந்தது, டிகோடர் வந்தது. டிஷ் மட்டும்தான் பாக்கி.

"டிஷ் எதுக்குப் பெரியம்மா? எங்க டிஷ்லருந்தே பிரிச்சுத் தர்றேன்" என்றேன்.

ஹட்டனில் பிரிப்பான் வாங்கப் போனபோது கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) தயங்கினார். "தங்கச்சி, இதப் போட்டா ரெண்டு வீடும் சண்டை பிடிக்கும். டிஷ் தலையை மாத்துங்க. ரெண்டு வாய் உள்ளது ஒண்டு இருக்கு."

"நான் இதத்தான் படிச்சிருக்கேன் நானா" என்றேன். அவர் பொதி கட்டிக் கொடுத்தார்.

லயத்து வீடுகளின் நடுச்சுவர் கூரையைத் தொடாது. அதற்கு மேலாகக் கேபிளைப் போட்டேன். இரண்டு டீவியிலும் பவித்ரா வரப்போகும் சேனலை வைத்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரிப் படம். சரி போட்டேன்.

ஞாயிறு மாலை லயமே பெரியம்மா வீட்டில். நான் மட்டும் எங்கள் வீட்டில், கையில் ரிமோட்டும் பட்டியலும். ஒன்பதாவது வரி: "மற்றச் சேனல்களில் சிக்னல் அளவைப் பார்க்க." மாற்றினேன்.

"ஐயோ, போச்சு!" என்று சுவருக்கு மேலாகச் சத்தம்.

பதறிப்போய்ப் பழைய சேனலுக்கு வந்தேன்.

"வந்துருச்சு! வந்துருச்சு!"

சரியென்று அடுத்த சேனலைப் பார்த்தேன்.

"திரும்பப் போச்சுடி!"

"பனி மூட்டம்தான்! யாரும் எழும்பாதீங்க, ரெண்டே நிமிஷம்!" என்றேன், மிக நிதானமாக.

"நம்ம வீட்டுல படம் தெரியுதா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அம்மா கேட்டார்.

"இங்க நல்லாத்தான் இருக்கு. கோளாறு அங்கதான்!"

(அத்தனை பேரையும் இங்கே வரச் சொல்லியிருக்கலாம். அது பட்டியலில் இல்லை.)

எங்கள் டீவியை அந்த வேறு சேனலிலேயே விட்டுவிட்டு, ஏணி வைத்துத் தகரக் கூரையில் ஏறி டிஷ்ஷைத் திருப்பினேன். இப்போது இரண்டு வீட்டிலும் ஒன்றுமில்லை. மேலே நிற்கும்போதுதான் உறைத்தது. சேனல்கள் இரண்டு பிரிவாக வரும்; டிஷ்ஷின் ஒற்றைத் தலை ஒரு நேரத்தில் ஒரு பிரிவைத்தான் இறக்கும். எந்தப் பிரிவு என்பதை டிகோடர் அனுப்பும் மின்னழுத்தம் சொல்லும். இரண்டு டிகோடர் இரண்டு விதமாகச் சொன்னால், கூடுதலாக அனுப்புவது ஜெயிக்கும். பவித்ராவின் சேனலுக்குப் பதின்மூன்று வோல்ட். நான் சோதித்தவற்றுக்குப் பதினெட்டு. பரீட்சையில் எழுதி முழுப் புள்ளி வாங்கிய பதில்.

"நீ ஒண்ணையும் தொடாம எறங்கு தாயி" என்று கீழே இருந்து அப்பா சொன்னபோது பாட்டு முடிந்திருந்தது.

பெரியம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். "பனிக்கு நீ என்ன செய்வ புள்ள?" என்றார். பனி இல்லை, நான்தான் என்று சொல்ல எனக்கு மறுநாள்வரை ஆனது. கேட்டுவிட்டு, "அப்ப நீ சும்மா இருந்திருந்தாலே போதுமா?" என்றார். ஆமாம் என்றேன்.

இரண்டு நாள் கழித்து யாரோ போனில் அந்தப் பாட்டை அனுப்பினார்கள். பாடி முடித்த பவித்ரா, "அம்மா, பாத்துக்கிட்டுதானே இருக்க? கை காட்டும்மா" என்று கையசைத்தாள். உள்ளங்கை அளவு திரையைப் பார்த்துப் பெரியம்மாவும் கையசைத்தார்.

இன்றும் எங்கள் லயத்தில் ஒரு பொருள் ஒழுங்காக வேலை செய்தால், என்னை அதன் கிட்டே விடமாட்டார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமே பெரியம்மா, "தங்கமான புள்ள. நல்லா ஓடுறத மட்டும் சோதிச்சுப் பாக்க விட்றாதீங்க" என்றார். அவர்கள் சிரித்தார்கள், கல்யாணமும் நடந்தது.

பவித்ரா லீவில் வரும்போது மட்டும் இந்தக் கதையை யாரும் எடுப்பதில்லை. முதல் தடவை வந்தபோது பையைக்கூட இறக்காமல் கேட்டாள்: "நான் கை காட்டுனப்ப நீயும் காட்டுனியாம்மா?"

"காட்டாம இருப்பேனா?" என்றார் பெரியம்மா, என் பக்கம் திரும்பாமலே.