பிலிக் அண்ணேயின் பயம்

ஈப்போவில் பயப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் பிலிக் அண்ணேதான். நாமெல்லாம் ஓசியில் பயப்படுகிறவர்கள். அவர் காலை எட்டு மணிக்கு பஞ்ச் கார்டு அடித்துவிட்டுப் பயப்பட உட்கார்ந்தால், சாயந்திரம் ஐந்தரைக்குத்தான் எழுந்திருப்பார். தீபாவளி லீவில்கூட வீட்டிலிருந்து செக்யூரிட்டிக்கு போன் போட்டு, "எல்லாம் ஓகேதானே லா?" என்று கேட்டு, அவரையும் கலவரப்படுத்திவிட்டுத்தான் முறுக்கைக் கடிப்பார்.

எங்களுடையது ஒரு காலத்தில் பேராக் மாநிலம் முழுக்க ரப்பர் எஸ்டேட் வைத்திருந்த கம்பெனி. எஸ்டேட்டுகள் செம்பனையாகவும் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளாகவும் மாறிவிட்டன. மிஞ்சியது பிறப்புப் புத்தகங்கள். எந்த லயத்து வரிசை வீட்டில் யாருக்கு என்ன பிள்ளை பிறந்தது என்று எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்சர் எழுதி வைத்தவை. அவற்றை யாரோ ஒரு புண்ணியவான் யூனிக்ஸ் கம்ப்யூட்டர் மிஷின் ஒன்றில் தட்டி ஏற்றினார். அப்புறம் புத்தகங்களைக் கரையான் தின்றது. ஆக, எங்கள் எஸ்டேட்டுகளில் பிறந்த பலருக்கு, இந்த மண்ணில்தான் பிறந்தோம் என்பதற்கு மிச்சமிருந்த ஒரே சாட்சி அந்த மிஷின். கேட்டு வருகிறவர்களுக்கு அத்தாட்சிக் கடிதம் டைப் செய்து தருகிற கிளார்க் நான். சாட்சிக்குக் காவல் அண்ணே.

பட்டப்பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பழைய மிஷின் ஒருநாள் புகைந்து செத்தது. அதற்குள் இருந்த சிஸ்டத்தை மட்டும் அப்படியே எடுத்து, புதிதாக வாங்கிய பெரிய மிஷினுக்குள் தனியாக ஓர் இடம் தடுத்துக் குடிவைத்தார்கள். வர்ச்சுவல் பார்ட்டிஷன் என்று ஏதோ சொன்னார்கள். எங்களுக்குப் புரியட்டும் என்று அண்ணே விளக்கினார். "புதுசு பெரிய பங்களா லா. நம்மாளு உள்ளுக்கு ஒரு பிலிக்ல இருக்காரு." பிலிக் என்றால் மலாயில் அறை. அன்றைக்கு ஒட்டிய பெயர் இன்றுவரை விடவில்லை.

அத்தோடு நிறுத்தினாரா? குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா அவருக்கு இது தெரியாது. இன்னும் பழைய வீட்டுலயே இருக்கிறதா நெனச்சிக்கிட்டு இருக்காரு. தெரிஞ்சா ஷாக் ஆயிருவாரு. உள்ள வந்து யாரும் புது மிஷினைப் பத்திப் பேசாதீங்க" என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

எஸ்டேட்டில் விடியற்காலை ஆள் எண்ணுவதைப் பெரட்டு என்பார்கள். அண்ணேயும் தினம் காலை பெரட்டு எடுப்பார். அந்தப் பிலிக்குக்குள் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தாளில் டிக் அடிப்பார். ஒன்று திரையில் வரத் தாமதித்தால் முகம் வெளுத்துவிடும். "எங்க லா போனான் இவன்?" என்று அவர் பதறுகிற பதற்றத்தில், அது கள்ளுக்கடைப் பக்கம் போயிருக்குமோ என்று நமக்கே சந்தேகம் வரும்.

ஒரு சீனப் புத்தாண்டுக்கு பாஸ் சிங்க நடனம் ஏற்பாடு செய்திருந்தார். மேளமும் தாளமுமாகச் சிங்கம் மாடியேறி, ஒவ்வோர் அறையாகப் புகுந்து புறப்பட்டு வந்தது. மிஷின் ரூம் வாசலில் பிலிக் அண்ணே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"சிங்கம் உள்ள வரக்கூடாது. அதிரும்."

சிங்கம் கண்ணைச் சிமிட்டியது. காதை ஆட்டியது. அண்ணேயின் கால் நடுங்குவது மூன்று மேசை தள்ளியிருந்த எனக்கே தெரிந்தது. ஆனால் மனிதர் நகரவில்லை. கடைசியில் சிங்கம்தான் திரும்பிப் போனது.

இவ்வளவு பயந்தவர் ஒரு நகல் எடுத்து வைத்திருக்கமாட்டாரா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "நகல் எடுக்கணும்னா அவரை நிறுத்தணும் தங்கச்சி. நிறுத்தினா திரும்ப எழுந்திரிப்பாரா?" என்றார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பதினோரு வருஷமாக அதை அவர் நிறுத்தவே இல்லை.

அந்த ரூமுக்குள் போக அவர் அனுமதித்த ஒரே ஆள், ஆபீஸைத் துப்புரவு செய்யும் செல்லம்மாக்கா. வேக்குவம் கூடாது, ஈரத்துணி மட்டும். தும்மல் வந்தால் வெளியே ஓடிவிட வேண்டும். அக்கா சுங்காய் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். அறுபதை நெருங்கியும் கையில் சிவப்பு ஐசி அடையாள அட்டைதான். பிறப்புப் பத்திரம் இல்லாததால், பிறந்த நாட்டிலேயே குடிமகள் ஆகாதவர். குடிமக்களுக்கான நீல ஐசிக்கு மனுப்போட்டுப் போட்டு ஓய்ந்தவர். ஒரு திங்கட்கிழமை காலை என் மேசைக்கு வந்து ஒரு கடிதத்தை நீட்டினார். வியாழக்கிழமை பதிவு இலாகாவில் நேர்காணல். எஸ்டேட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டுவர வேண்டும் என்று இருந்தது.

"ஏன்க்கா, பொறப்புப் புத்தகம் பூரா அந்த மிஷினுக்குள்ள இருக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

அக்கா திகைத்துப்போனார். "அது ஏதோ கணக்கு மிஷினுன்னு நெனச்சேம்மா. நான் தொடைக்கிற ரூமுக்குள்ளயே நான் பொறந்து கெடக்கிறேன்னு யாரு சொன்னா?"

மத்தியானம் எடுத்துத் தருகிறேன் என்றார் அண்ணே. மத்தியானம் இடி இடித்தது. விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. பெரிய மிஷின் தாங்கிக்கொண்டது. பிலிக்கில் இருந்தவர் அப்படியே உறைந்துவிட்டார். எதைத் தட்டினாலும் அசைவில்லை. அண்ணே வெளியே வந்து, "நிறுத்தித்தான் எழுப்பணும்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். எழுந்திருக்காவிட்டால் அக்காவின் பிறப்பு மட்டுமல்ல, எத்தனையோ பேருடைய பிறப்பும் போச்சு.

அன்றைக்கு அவருக்குக் கை வரவில்லை. மறுநாள் காலை நெற்றி முழுக்கத் திருநீறோடு வந்து, கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தி எழுப்பினார். எழுந்தது. எழுந்து பாதியில் நின்று கேள்வி கேட்க ஆரம்பித்தது. சிதறிக் கிடந்த கோப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இது யாருடையது என்று தெரியவில்லை, எடுத்து வைக்கட்டுமா என்றது. ஆமாம் அல்லது இல்லை, ஓர் எழுத்துத் தட்ட வேண்டும். தேத்தண்ணி வேண்டுமா கோப்பி வேண்டுமா என்றாலே பத்து நிமிஷம் யோசிக்கிற மனிதர் அவர். கேள்விகளோ நூற்றுக்கணக்கில் வரிசையில் நின்றன.

பாஸ் கோலாலம்பூரிலிருந்த ஓர் எஞ்சினியரை போனில் பிடித்தார். ஸ்பீக்கரில் அவர், "எல்லாத்துக்கும் யெஸ்ஸு போட்டு விட்டுட்டு மக்கான் சாப்பிடப் போங்க அங்கிள். திரும்பி வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்" என்றார்.

"எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்ல நான் யாரு லா?"

"அண்ணே, சூசா பண்ணிக் கஷ்டப்படுத்தாதீங்க. நாள் பூரா இதுலயே போயிரும்" என்றார் பாஸ்.

"போவட்டும் பாஸ். எனக்குப் பயமா இருக்கு."

அவர் பயத்தை இவ்வளவு தைரியமாகச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தடவை படித்தார். எண்ணை நோட்டில் எழுதினார். விரலைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு, ஆமாம் தட்டினார். செல்லம்மாக்கா துணியும் கையுமாக வாசலிலேயே நின்றார். பதினொன்றரை மணி சுமாருக்குக் கேள்வி மாறியது. சொந்தம் தெரியாத கோப்புகளைப் போட்டு வைக்க அந்தப் பழைய சிஸ்டத்தில் இருந்தது ஒரு சின்ன அலமாரி. அது நிறைந்துவிட்டது. இனி இடமில்லை, அழித்துவிடட்டுமா என்றது. பழக்கத்தில் ஆமாமுக்குப் போன விரல் அந்தரத்தில் நின்றது.

"ஐயோ" என்றார் மெதுவாக.

எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தால், அலமாரிக்கு வெளியே நின்ற அத்தனையும் நாங்கள் சோற்றைப் பிசைவதற்குள் போயிருக்கும். அண்ணே இல்லை தட்டினார். அடுத்ததற்கும் இல்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. பிறகு அலமாரியில் இருந்ததையெல்லாம் வெளியே பெரிய மிஷினுக்கு மாற்றி, அதைக் காலி செய்துவிட்டு, முதல் கேள்வியிலிருந்து மறுபடி தொடங்கினார். மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. நாங்களும் சாப்பிடவில்லை.

நாலு மணிக்குக் கேள்விகள் ஓய்ந்தன. கோப்புகள் இருந்தன, பெயர்கள்தான் இல்லை. எல்லாவற்றின் மேலும் வெறும் எண்கள். ஒவ்வொன்றாகத் திறந்து படித்தோம். முதல் தடவை எடுத்து வைத்தவற்றில் சுங்காய் இல்லை. அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. இரண்டாம் தடவை எடுத்தவற்றில், ஏழாவதைத் திறந்ததும் அந்த எஸ்டேட்டின் பெயர் மேலே நின்றது. கீழே போய்த் தேடி, உரக்கப் படித்தேன்.

"செல்லம்மா, பெண். ஆறாம் லயம். தாய் அஞ்சலை."

அக்கா துணியைக் கீழே போட்டார். அச்சாகி வந்த தாளை வாங்கி, அந்த வரியைத் தடவிக்கொண்டே நின்றார். "எங்கம்மா பேரை இதுவரைக்கும் எந்தத் தாள்லயும் பார்த்ததில்லம்மா" என்றார். நான் அழுதேவிட்டேன். அண்ணே அழவில்லை. "சீக்கிரம் இன்னும் ரெண்டு காப்பி எடு. பிரிண்டர் நின்னுரப் போவுது" என்றார்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு அவரும் கூடவே வந்தார். ஒரு காப்பி அக்கா பையில், ஒன்று என் பையில், ஒன்று அவர் சட்டைக்குள். இலாகா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நடுங்கினார் பாருங்கள், பக்கத்து நாற்காலியும் ஆடியது.

"நீங்க ஏண்ணே நடுங்குறீங்க? இன்டர்வியூ எனக்குத்தானே?" என்றார் அக்கா.

"நீதான் பயப்படவே மாட்டேங்குறியே. அப்ப வேற யாராவது பயப்படணும்ல லா."

நீல ஐசி வர இன்னும் பல மாதங்கள் ஆயின. வந்த அன்று அக்கா அதை வேறு யாரிடமும் காட்டவில்லை, நேராக அண்ணேயிடம் கொண்டுபோனார். அவர் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுந்து ஃபோட்டோஸ்டேட் மிஷின் பக்கம் போனார்.

இப்போது ஓய்வுபெற்று, கோலா கங்சாரில் மகள் வீட்டில் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். பேரப்பிள்ளை படத்தைக் காட்ட பர்ஸைத் திறந்தார். நாலாக மடித்த ஒரு தாள் கீழே விழுந்தது. எடுத்துப் பிரித்தால் செல்லம்மாக்காவின் ஐசி நகல்.

"இதை ஏண்ணே இன்னும் சுமந்துக்கிட்டு இருக்கீங்க?"

"அவ தொலைச்சிட்டான்னா?" என்று என் கையிலிருந்து வாங்கி, பத்திரமாக உள்ளே வைத்தார்.

விடைபெற்றுக்கொண்டு கிளம்பினேன். கடைத்தெரு முனை வரைக்கும்தான் வந்திருப்பேன். காரை ஓரமாக நிறுத்தி, என் ஐசியை இரண்டு பக்கமும் ஃபோட்டோஸ்டேட் எடுத்துக்கொண்டு, திரும்பிப் போய் அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.