கீழ்த்தளத்து முதியோர் காவலர்

மனிதரில் ஒரு வகை உண்டு. அதற்கு முதியோர் காவலர் என்று பெயர் வைத்திருக்கிறேன். இவருக்கு முதியோர் மீது அளவில்லாத அன்பு. முதியவர் ஒருவர் மீது அன்பு உண்டா என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். "எங்கட முதியோர்" என்று சொல்லும்போது குரல் தழுதழுக்கும். அந்த முதியோரில் ஒருவர் பக்கத்தில் வந்து "மகன், ஒரு விசயம்" என்றால் கண் மணிக்கூட்டுக்குப் போய்விடும். கல்யாண வீடு, மையத்து வீடு, பஸ் தரிப்பிடம், சலூன், எங்கே நாலு பேர் கூடினாலும் கதையைத் திருப்பி முதியோர் சட்டத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். நீங்கள் இவரைச் சந்தித்ததில்லையா? அப்படியானால் நீங்கள் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை.

எங்கள் பக்கத்துக் காவலர் ரஸாக் நானா. கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புத்தளத்தில் களப்பை, அந்தக் கடல்நீர் ஏரியைப் பார்த்தபடி, யுத்தம் முடிந்த பிறகு குறைந்த வாடகைக்கென்று அரசாங்கம் கட்டிய மாடிக் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. மன்னாரிலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்து ஓலைக் கொட்டிலில் காலம் தள்ளியவர்கள் அங்கே இருக்கிறார்கள். அதில் முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சங்கம் என்று ஒன்று. அதற்குத் தலைவர் இவர். குடியிருப்பு விதிகள் அத்தனையும் மனப்பாடம். அதிலும் இரண்டு விதிகள் அவருடைய செல்லப் பிள்ளைகள். படி ஏற ஏலாத முதியவருக்குக் கீழ்த்தள வீட்டில் முன்னுரிமை. கீழ்த்தளத்தில் இருக்கும் முதியவரை அவர் சம்மதமில்லாமல் எவரும் எழுப்ப முடியாது. மாதாந்தக் கூட்டத்தில் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு முதலில் சொல்வது இந்த இரண்டையும்தான்.

நஃபீஸா மாமி மூன்றாம் மாடியில் இருந்தார். தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது, மன்னாரை விட்டுப் புருசனையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தவர். புருசன் மௌத்தாகிவிட்டார், மகள் றைஸா நுரைச்சோலையில் கலியாணம் கட்டிக் குடியிருக்கிறாள். வீடுகளுக்குச் சீட்டுக் குலுக்கியபோது மாமிக்கு மூன்றாம் மாடி விழுந்தது. அப்போது முழங்கால் நன்றாக இருந்தது. பிறகு முழங்கால் போனது, மாடி அப்படியே இருந்தது. ஜன்னலால் களப்பையும் தூரத்து உப்பு வாய்க்கால்களையும் பார்ப்பதோடு அவருடைய வெளியுலகம் முடிந்தது. பெருநாளைக்குக் கைபிடித்து முஸாபஹா கொடுக்க வருகிறவர்களில் பாதிப்பேர் இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கிவிட்டு, மேலே பார்த்து ஸலாம் சொல்லித் திரும்பினார்கள்.

இந்த நேரத்தில் கீழ்த்தளத்தில் ஒரு வீடு காலியானது. அதிலிருந்த குடும்பம் சொந்த ஊரில் மீளக் குடியேறப் போய்விட்டது. மாமி ஆள் அனுப்பி ரஸாக் நானாவை வரவழைத்தார்.

"கீழ வீடு சும்மா கிடக்குதே மகன். எனக்குத் தரச் சொல்லிக் கேளுங்களன்."

"மாமி, உங்கட உரிமையப் பாதுகாக்க ஒரு இடம் வேணுமே. அந்த வீட்டத்தான் சங்கத்துக்கு அலுவலகமா எடுத்திருக்கிறம். அலுவலகம் இல்லாட்டி உங்களுக்காக யார் பேசுற?"

"அப்ப எனக்கு வீடு?"

"அதப் பத்தித்தான் அந்த அலுவலகத்தில பேசப் போறம்."

சொன்னபடியே பேசினார்கள். முதியவர்களை மாடிப்படி ஏறவைப்பது மனிதத்தன்மையற்றது என்று தீர்மானம் போட்டார்கள். ஏகமனதாக நிறைவேறியது. படி இறங்க ஏலாதவர்கள் எவரும் வரவில்லை. ஆகவே எதிர்ப்பும் இல்லை. ரஸாக் நானா அன்று கண் கலங்கினார். நடிப்பல்ல. இந்த வகையினர் நடிப்பதில்லை. அதுதான் இவர்களோடு உள்ள கஷ்டம்.

முதியோர் தினம் வந்தது. அந்த வருசம் கௌரவிப்பதற்கு நஃபீஸா மாமியைத் தெரிவு செய்தார்கள். எதிர்வீட்டு யோசேப்பு தன் மருமகனோடு சேர்ந்து அவரைக் கதிரையோடு தூக்கிக் கீழே சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். விழா அங்கேதான். பொன்னாடை போர்த்தினார்கள். நடக்கத் துணையாக ஓர் ஊன்றுகோல் பரிசளித்தார்கள். மூன்றாம் மாடியில் அதை ஊன்றி எங்கே போவது என்று எவரும் கேட்கவில்லை. ரஸாக் நானா பேசினார். பிறகும் பேசினார். வட்டிலப்பம் முடிந்து சனம் கலைந்ததும் யோசேப்பு வந்தார்.

"ஏறுவமா உம்மா?"

"நான் வரயில்ல யோசேப்பு. என்ட பாயையும் கேத்திலையும் எடுத்துத் தாங்க."

மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த ரஸாக் நானா நிமிர்ந்தார். "மாமி, இது அலுவலகம்."

"ஓம் மகன். இப்ப இதுல ஒரு கிழவி இருக்கிறா. கீழ இருக்கிற கிழவிய எழுப்ப ஏலாதெண்டு நீங்கதானே மாசாமாசம் சொல்ற. மேல எனக்கு வடிவாக் கேட்கும்."

ரஸாக் நானாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அடுத்து வந்தது அவருக்கே பிடிபடாத ஒன்று. இத்தனை காலத்தில் அவருடைய பேச்சைக் கடைசிவரை கேட்ட ஒரே ஆள் இந்தக் கிழவிதான். வயரைச் சுருட்டியபடி வெளியே போனார்.

மறுநாள் யாரோ சொல்லி, வீடமைப்பு அலுவலகத்திலிருந்து அதிகாரி மிஸ் ஒருவர் வந்தார். முற்றம் நிறையச் சனம். "அனுமதி இல்லாம இருக்க ஏலாது. அம்மாவ மேல போகச் சொல்லுங்க" என்றார் மிஸ்.

ரஸாக் நானா கொஞ்சம் பொறுமையாக நின்றிருக்கலாம். நின்றிருந்தால் அலுவலகம் திரும்பிக் கிடைத்திருக்கும். ஆனால் தன் கண் முன்னால் ஒருவர் சட்டத்தைப் பிழையாகச் சொல்வதை அவரால் எப்படித் தாங்க முடியும்? அதுவும் இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கையில்?

"மிஸ், ஒரு நிமிசம்" என்று தொடங்கினார். அந்த ஒரு நிமிசம் நடுப்பகல் ளுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை நீண்டது. முன்னுரிமை விதி, எழுப்பக் கூடாத விதி, குடியிருக்கத்தான் வீடு, அலுவலகம் வைக்க அல்ல என்று இதுவரை எவருக்கும் அவர் சொல்லாத இன்னொரு விதி, எல்லாம் வரிசையாக வந்தன. மிஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மேலிடத்தில் சொல்லிப் பார்ப்பதாகப் போனார். கொஞ்ச நாளில் அந்த வீடு முறைப்படி மாமிக்குக் கிடைத்தது.

"நான்தான் முன்னுக்கு நின்டு எடுத்துக் கொடுத்த" என்று ரஸாக் நானா இன்றும் தேத்தண்ணிக் கடையில் சொல்கிறார். மாமி மறுப்பதில்லை. நான் கேட்டபோது சிரித்தார். "அவருக்குப் பேர் வேணும், எனக்கு வீடு வேணும். ரெண்டு பேருக்கும் கிடைச்சிட்டுது, அல்ஹம்துலில்லாஹ்."

சங்கம் என்னவாயிற்று என்கிறீர்களா? மாமி விட்டுவந்த மூன்றாம் மாடி வீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டது. கூட்டம் இப்போது அங்கேதான். முதியோர் எவரும் வருவதில்லை. தம் உரிமையில் அவர்களுக்கே அக்கறை இல்லையே என்று ரஸாக் நானா மிகவும் மனம் வருந்துகிறார்.

சிரிக்கிறீர்கள், நல்லது. ஆனால் நஃபீஸா மாமி போன்றவர்களுக்காக நாமும் ஏதாவது செய்ய வேண்டும், நாலு பேரைக் கூட்டிப் பேச வேண்டும் என்று உங்களுக்குள் ஒரு துடிப்பு இந்த நேரம் எழும்புகிறதா? எழும்பினால் கவனம். அடுத்ததாக நீங்கள் ஓர் அலுவலகம் தேடுவீர்கள்.